கிணற்றுநீர் பற்றி ஊருக்கு எப்படிச் சொல்வது? நான்கு வழிகளின் ஒப்பீடு

சில வாரங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியிலுள்ள சனசமூக நிலையம் ஒன்றின் செயலாளர் ஒரு கடித உறையுடன் என் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டிலுள்ள ஊரவர்கள் அனுப்பிய பணத்தில் பதினொரு கிணறுகளின் நீரைப் பரிசோதிப்பித்திருக்கிறார்கள்; அதன் முடிவுகள் உறைக்குள் இருந்தன. நான்கு கிணறுகளில், உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நீரில் சேரும் நைத்திரேற்று அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. "இதை என்ன செய்யிறது, ஐயா? சொன்னால் ஊர் குழம்பும். சொல்லாட்டிப் பாவம் எங்களுக்கு" என்றார். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி என்னுடனேயே இருந்தது. ஏனெனில் இதே கேள்வியை வேறு இருவரும் அண்மையில் என்னிடம் கேட்டிருந்தார்கள். ஒருவர் தம் வட்டாரத்துக்கு அருகில் குப்பை கொட்டும் இடம் வரப்போகிறது என்று அறிந்த பிரதேச சபை உறுப்பினர். மற்றவர் கடலோரத் திட்டமொன்றைப் பற்றி அங்கத்தவர்களுக்கு விளக்க வேண்டிய கடற்றொழிலாளர் சங்கத் தலைவர்.

சொல்வதா, விடுவதா என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒருவர் குடிக்கும் நீரைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருந்தால், அதை வைத்துக்கொண்டிருக்கும் உரிமை நமக்கு இல்லை. எப்படிச் சொல்வது என்பதே தீர்மானிக்க வேண்டியது. நம் ஊர்களில் நடைமுறையில் உள்ள வழிகள் நான்கு: அறிவித்தல் விடுவது, பொதுக்கூட்டம் கூட்டுவது, சுயாதீன நிபுணர் குழு ஒன்றிடம் ஒப்படைப்பது, மக்களையும் சேர்த்துக்கொண்டு நீரைக் கண்காணிப்பது. நான்கிலும் நன்மை உண்டு. நான்கையும் தவறான இடத்தில் பயன்படுத்தி நம்பிக்கையை இழந்தவர்களும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிக் கனம் இருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குவதையே நாம் அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கல் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது. சுண்ணாம்புக்கல்லில் இயற்கையாக உருவான நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆகவே என் வளவுக் கிணறு எனக்கு மட்டும் உரியதன்று. அடுத்த வளவின் மலசலகூடக் குழியும், அதற்கப்பால் வெங்காயத் தோட்டத்துக்கு இட்ட யூரியாவும், ஒரு மைல் தொலைவில் நிலத்தில் கசிந்த எண்ணெயும் அந்தக் கிணற்றுடன் தொடர்புடையவை. எனவே இங்கே ஆபத்தைப் பற்றிச் சொல்வது, ஒரு வீட்டாரிடம் அடுத்த வீட்டாரைப் பற்றிச் சொல்வதாகவும் ஆகிவிடுகிறது.

## முதலில் அளவுகோல்கள்

வழியைத் தேர்வதற்கு முன் சில கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அவகாசம். இன்று மாலை அந்த நீரைக் குடித்தால் நாளை நோய் வருமா, அல்லது பல ஆண்டுகள் குடித்தால்தான் தீங்கா? இரண்டும் வெவ்வேறு வழிகளைக் கேட்பவை.

இரண்டாவது கேள்வியே எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். தீர்மானம் இன்னும் திறந்திருக்கிறதா? திட்டம் வருமா வராதா, குப்பை எங்கே கொட்டப்படும், எந்தக் கிணறு மூடப்படும் என்பவற்றில் மக்கள் சொல்வதால் மாறக்கூடியது ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? மிஞ்சியிருந்தால் மக்களை அழைத்துக் கேட்க வேண்டும். மிஞ்சியிருக்காவிட்டால் அழைத்துக் கேட்பதுபோல் நடக்கக் கூடாது. முடிவாகிவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். முடிந்துபோன முடிவுக்கு ஆலோசனை கேட்பதைப்போல் நம்பிக்கையைக் கெடுப்பது வேறொன்றில்லை.

மூன்றாவது, சொல்பவரின் பழைய கணக்கு. இதே நிறுவனம் இதே மக்களிடம் முன்னர் என்ன சொன்னது, அது சரியாக இருந்ததா? நம்பிக்கை சேர்வதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும். போவதற்கு ஒரு பிழையான உறுதிமொழி போதும். நான்காவது, ஆய்வுகூடத்தில் இல்லாத அறிவு ஊரிடம் இருக்கிறதா என்பது. ஐந்தாவது, செலவு. இதில் பணத்துக்குக் கணக்கு இருக்கும். மறைந்திருக்கும் செலவுகளுக்கு இருக்காது. ஆறாவது, யார் விடுபடுகிறார்கள் என்பது. வாடகைக்கு இருப்பவர், வீட்டில் சமைக்கும் பெண், கூலிக்கு மருந்து விசிறுபவர், கோயில் மண்டபத்தில் வாய்திறக்கத் தயங்கும் குடும்பத்தவர் ஆகியோரே பல வேளைகளில் அந்த நீரை அதிகம் நம்பி வாழ்பவர்கள்.

## முதலாம் வழி: அறிவித்தல்

துண்டுப்பிரசுரம், முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி, கோயில் ஒலிபெருக்கி, கிராம அலுவலரின் அறிவித்தல் பலகை, வட்ஸ்அப் குழு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இதன் பலம் வேகம். 2024 மார்கழியில், வெள்ளத்தின் பின்னர், யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து உயிரிழப்புகள் ஏற்பட்டன. அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானபோது, வயலில் இறங்குபவர்களுக்கு உடனே செய்தி போக வேண்டியிருந்தது: காயத்துடன் சேற்றில் இறங்காதீர்கள், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வாருங்கள், சுகாதாரப் பணிமனை தரும் தடுப்பு மாத்திரையை எடுங்கள். அந்த நேரத்தில் கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆபத்து உடனடியானதாகவும் செய்ய வேண்டியது தெளிவானதாகவும் இருந்தால், அறிவித்தலே சரியான வழி. அதில் தயங்குவது குற்றம்.

ஆனால் அறிவித்தல் கேள்வியைக் கேட்காது. அதன் மறைந்த செலவு அங்கேதான் தொடங்குகிறது. நைத்திரேற்றையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவும் நம் நாட்டுக் குடிநீர் நியமமும் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்கின்றன. சில ஆய்வுகூடங்கள் அதையே நைத்திரேற்றிலுள்ள நைதரசனின் அளவாகக் கணக்கிட்டு எழுதும். அந்தக் கணக்கில் எல்லை ஏறத்தாழ 11 ஆகும். ஒரே கிணற்று நீருக்கு ஓர் ஆய்வுகூடம் 12 என்றும் இன்னொன்று 53 என்றும் அறிக்கை தரலாம். இரண்டும் ஒரே அளவுதான். இரண்டும் எல்லையைச் சற்றுத் தாண்டியவைதான். ஆனால் பிரசுரத்தில் வெறும் எண்ணைக் கண்ட ஒருவர் 12 என்பதை 50உடன் ஒப்பிட்டு நிம்மதி அடைவார். 53 என்று கண்ட அயலவர் கலங்குவார். மறுநாள் இருவரும் சேர்ந்து யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவு செய்வார்கள். பொய் எதுவும் நடக்கவில்லை. அலகைச் சொல்லாததால் நம்பிக்கை போயிற்று.

அதே அறிவித்தலில் "கொதிக்க வைத்துப் பருகவும்" என்ற பழகிய வரியையும் பழக்கத்தில் சேர்த்துவிட்டால் தீங்கு இன்னும் கூடும். கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து. நைத்திரேற்றை அது அகற்றாது. நீர் ஆவியாக, மீதியில் அதன் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட, பால்மா கரைத்துக் கொடுக்கும் குழந்தைக்கே இதில் அதிக ஆபத்து: நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதியின் ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது; குழந்தை நீலம் பாரிக்கிறது. நன்றாகக் கொதிக்க வைத்தேன் என்ற மன ஆறுதலோடு ஒரு தாய் அந்த நீரில் பால் கரைப்பதற்கு நம் அறிவித்தல் காரணமாகக் கூடாது.

ஆகவே அறிவித்தல்தான் வழி என்று முடிவு செய்பவர்கள் அதில் ஐந்து விடயங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்: என்ன கண்டோம், எது இன்னும் தெரியவில்லை, இன்று யார் என்ன செய்ய வேண்டும், கேள்வி இருந்தால் யாரிடம் எங்கே கேட்பது, அடுத்த தகவல் எந்தத் திகதியில் வரும். இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் மக்கள் பதறுவார்கள் என்ற அச்சம் அதற்குக் காரணம். என் அனுபவத்தில், முழு நிச்சயத்துடன் சொல்லிவிட்டுப் பின்னர் மாற்றிச் சொல்வதே மக்களைப் பதறச் செய்கிறது.

## இரண்டாம் வழி: பொதுக்கூட்டம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பகுதியில் கிணற்றுநீர் பற்றி நடந்த கூட்டம் ஒன்றில் நான் பின்வரிசையில் இருந்தேன். மேசையில் ஐந்து அதிகாரிகள், முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள், பெண்கள் வாசலோரமாக. ஒரு மணி நேரம் விளக்கம் நடந்தது. முடிவில் இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு தாய் கேட்டார்: "ஐயா, அந்தத் தண்ணியிலை பிள்ளைக்குப் பால் கரைக்கலாமோ, கரைக்கேலாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ." பதில் சொன்னவர் நல்ல மனிதர், படித்தவர். "பெரும்பாலான அளவீடுகள் நியமத்துக்குள் இருக்கின்றன" என்றார். அந்தத் தாய் மறுபடி கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த ஒழுங்கையில் போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் அதே கிணற்றில் அள்ளினார்கள்.

கூட்டத்தின் பலம் அந்தக் கேள்வி எழுந்ததுதான். எந்தப் பிரசுரமும் அதை வெளிக்கொண்டு வந்திருக்காது. கூட்டத்தின் பலவீனம் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் இல்லாமல் போனதுதான். எண்ணைப் பற்றி அதிகாரி பேசினார். பிள்ளையைப் பற்றித் தாய் கேட்டார். இருவருக்கும் இடையே பாலமாக ஒருவர், உதாரணமாக வீடுவீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர், மேசையில் இருந்திருந்தால் "குடிக்கலாம், ஆனால் ஆறு மாதம்வரை பிள்ளைக்குப் பால் கரைக்க வேறு நீர் எடுங்கள்" என்று ஒரு வசனத்தில் முடிந்திருக்கும்.

கூட்டத்துக்குரிய மறைந்த செலவுகள் பல. மாலை ஐந்து மணிக் கூட்டம் இறைப்புக்குப் போனவரையும், கடைசிப் பேருந்தில் வரும் வேலையாளையும் வெளியே விடுகிறது. எந்த மண்டபத்தில் கூட்டுகிறோம் என்பதே யார் வருவார், வந்தவரில் யார் பேசுவார் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. கிணற்றில் அள்ளும் உரிமையே சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட வரலாறு நம்முடையது. அந்த நினைவு உள்ளவர்கள் எல்லா மண்டபத்துக்குள்ளும் ஒரே நிமிர்வோடு வருவதில்லை என்பதைக் கூட்டுபவர்கள் மறக்கக் கூடாது. பெருங்கூட்டம் ஒன்றைவிட, ஒழுங்கை ஒழுங்கையாக, மாதர் சங்கத்தில் ஒரு நாள், கமக்காரர் அமைப்பில் ஒரு நாள் என்று ஐந்து சிறு சந்திப்புகள் வைப்பது அதிக உழைப்பு; ஆனால் அங்கே வரும் கேள்விகள் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலான செலவு, முன்னரே சொன்னது: முடிந்துபோன முடிவுக்காகக் கூட்டம் வைப்பது. நம் சட்டமே ஓரளவுக்கு இந்தச் சிக்கலைச் சுமக்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. அந்த அறிக்கை மீது பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடமும் தொழில்நுட்பமும் தெரிவாகி, நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்ட பின்னரே அந்த 30 நாட்கள் தொடங்குகின்றன. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தை நினைவுகூருங்கள். கிளிநொச்சி விவசாயிகளுக்கு அது வயலுக்குப் பாயும் நீர். யாழ்ப்பாணத்துக்கு அது குடிநீர். இரு தரப்பும் ஒரே மேசையில் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டிய விடயம், எதிர்ப்பாகவும் மனக்கசப்பாகவும் வளர்ந்தது. திட்டம் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திரும்பியது. அங்கே வடமராட்சி கிழக்குக் கடற்றொழிலாளர்களின் கவலைகள் எழுந்தன. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள தாளையடி நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்ட் 2ஆம் திகதிதான் திறந்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளையும் இந்த வழியின் செலவுக் கணக்கிலேயே நான் எழுதுவேன்.

தீர்மானம் உண்மையில் திறந்திருந்து, வெவ்வேறு நலன்கள் மோதும் இடமாயின், கூட்டமே சிறந்த வழி. குப்பை எங்கே கொட்டுவது என்பது அத்தகையது.

## மூன்றாம் வழி: சுயாதீன நிபுணர் குழு

பிணக்கு முற்றிய பின்னர் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பார்ப்பியுங்கள்." சுன்னாகத்தில் நடந்தது இந்த வழியின் பலத்தையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது. மின் உற்பத்தி நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்ற முறைப்பாடு வலுத்து, 2015இன் தொடக்கத்தில் வீதிப் போராட்டமானது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் ஒன்றைக் கூறின. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவு அதனோடு ஒத்துப்போகவில்லை. ஊரில் உள்ளவர் பவுசர் (தாங்கி வண்டி) தண்ணீருக்கு வரிசையில் நின்றபடி இரண்டு அறிக்கைகளையும் கேள்விப்பட்டார். கண்ணால் எண்ணெய்ப் படலத்தைக் கண்டவருக்கு "பாதிப்பில்லை" என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும்? இறுதியில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு ஆய்வு அறிக்கைகளும் அளவீடுகளும் தேவைப்பட்டன. நிபுணர் இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்கு நிற்காது. ஆனால் நிபுணர் சொன்னதால் மட்டும் ஊர் நம்பிவிடாது என்பதையும் நாம் அங்கே கண்டோம்.

இது நமக்கு மட்டும் உரிய நிலையன்று. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் காற்றோடு வந்த கதிரியக்கச் சீசியம், இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் மழையோடு இறங்கியது. செம்மறியாடுகளை விற்பதற்கு அரசு தடை விதித்து, மூன்று வாரங்களில் சீராகிவிடும் என்று விஞ்ஞானிகள் கூறினார்கள். அவர்களுடைய கணிப்பு களிமண் நிலத்துக்குப் பொருந்துவது. அந்த மலைகளின் அமிலத்தன்மையான கரி மண்ணில் சீசியம் கட்டுப்படாமல் புல்லுக்கு மீண்டும் மீண்டும் ஏறியது. எந்த மேட்டில் எந்த மண், ஆடு எந்தப் பருவத்தில் எங்கே மேயும் என்று தலைமுறையாக அறிந்த இடையர்களை எவரும் முதலில் கேட்கவில்லை. கட்டுப்பாடுகள் முற்றாக நீங்கியது 2012இல்.

நம் கமக்காரருக்கும் அத்தகைய அறிவு உண்டு. எந்தக் கிணறு சித்திரையில் உவர்க்கும், எது மாரியில் கலங்கும், எந்தச் செம்பாட்டுத் தோட்டத்துக்கு எத்தனை தரம் உரம் இட்டார்கள், எந்தப் பழைய கிணற்றைக் குப்பை போட்டு மூடினார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. அதைக் கேளாமல் மாதிரி எடுக்க வந்த குழு, ஒரு பகல் வேலையில் வீதியோரக் கிணறுகளை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

நிபுணர் குழுவை நாடுபவர்கள் முன்கூட்டியே சில நிபந்தனைகளை எழுத்தில் பெற வேண்டும். குழுவை நியமிப்பவர் யார், அதில் ஓரிருவரை ஊர் முன்மொழிய முடியுமா, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது, மூல அளவீடுகள் முழுவதும் வெளியிடப்படுமா, தமிழில் சுருக்கம் வருமா என்பவை அவை. அறிக்கை வெளிவராமல் தங்கிவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவை அறிவிக்க வேண்டும். விடயம் நீதிமன்றம் செல்லக்கூடியதாக இருந்தால், அல்லது எண்ணெய், பார உலோகம் போன்று ஊராரால் அளக்க முடியாததாக இருந்தால், இந்த வழியைத் தவிர்க்க முடியாது.

## நான்காம் வழி: கூட்டுக் கண்காணிப்பு

இந்த வழியில் எனக்குச் சாய்வு உண்டு என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன். முடிவு யாருடைய கையெழுத்தோடு வந்தது என்பதைவிட, வாளியை யார் இழுத்தார்கள், போத்தலை யார் மூடி முத்திரையிட்டார்கள் என்பதே ஊரில் நம்பிக்கையைத் தீர்மானிக்கிறது என்று நான் கண்டிருக்கிறேன்.

நடைமுறை இதுதான். சனசமூக நிலையம், கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம் ஆகியவற்றிலிருந்து சிலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர், கிராம அலுவலர் ஆகியோர் ஒரு குழுவாகிறார்கள். எந்தக் கிணறுகள் என்பதை எல்லோரும் சேர்ந்து வரைபடத்தில் குறிக்கிறார்கள். ஒவ்வொரு மாதிரியும் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று அரச ஆய்வுகூடத்துக்கு, மற்றது வேறோர் ஆய்வுகூடத்துக்கு. இரண்டும் ஒத்தால் ஐயம் பெரும்பாலும் நீங்குகிறது; ஒவ்வாவிட்டால் ஏன் என்று கேட்பதற்கு எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். அமெரிக்காவின் பிளின்ற் நகரில் 2014இல் குழாய்நீரின் மூலத்தை மாற்றிய பின்னர் நீரின் நிறமும் மணமும் கெட்டன. பாதுகாப்பானது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். 2015இல் ஒரு பல்கலைக்கழகக் குழுவிடமிருந்து ஏறத்தாழ 300 மாதிரிப் பெட்டிகளைப் பெற்று, குடியிருப்பாளர்களே தம் வீடுகளில் நீரை நிரப்பி அனுப்பினார்கள். ஈயம் வெளிப்பட்டது. அந்த ஆண்டு ஐப்பசியிலேயே நகரம் பழைய நீர் மூலத்துக்குத் திரும்பியது.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது. எண்ணெய்ப் பரிசோதனைக்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டும். பிளாஸ்ரிக்கின் உட்புறத்தில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு, இருப்பதையும் இல்லையெனக் காட்டிவிடும். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தலும் ஐஸ் பெட்டியும் வேண்டும். மாதிரி அன்றே ஆய்வுகூடம் போய்ச் சேர வேண்டும். சோடாப் போத்தலைக் கழுவி நிரப்பிக்கொண்டு போனவர்களின் முடிவு யாருக்கும் உதவாது. எதிர்த் தரப்பு அதை ஒரு நிமிடத்தில் தள்ளிவிடும். ஒருமுறை எடுத்த மாதிரி ஆண்டு முழுவதற்கும் பேசாது. மழை இறங்கிய பின் ஒரு முறை, கோடையின் உச்சத்தில் ஒரு முறை என்று குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு எடுத்தால்தான் போக்குத் தெரியும்.

மறைந்த செலவுகள் இந்த வழியிலேயே அதிகம். இரண்டாம் ஆண்டில் இளைஞர்கள் வெளிநாடு போய்விடுவார்கள். ஆசிரியருக்கு இடமாற்றம் வரும். பதிவேடு ஒருவருடைய அலுமாரியில் தங்கிவிடும். அதைவிடக் கடினமானது, முடிவு ஊரையே சுடுவது. இன்ன கிணறு கெட்டது என்று பெயரோடு வெளியானால் காணி விலை விழும். அந்த ஊர் மரக்கறியைச் சந்தையில் வேண்டாம் என்பார்கள். கலியாணப் பேச்சில் கூட அது வரும். அதனால் மாதிரி எடுக்கும் நாளுக்கு முன்னரே, முடிவு எப்படி வந்தாலும் எப்படி வெளியிடுவது என்பதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். கிணற்று உரிமையாளருக்கு அவருடைய முடிவு முதலில், வீட்டில் வைத்து, நேரில். ஊருக்கு ஒழுங்கை வாரியாக, பெயரில்லாமல். அந்தக் கிணற்றில் அள்ளும் ஒவ்வொரு வீட்டுக்கும், வாடகைக்கு இருப்பவர் உட்பட, தனியாக. முடிவு வந்த பின்னர் இந்த ஏற்பாட்டைப் பேச முயன்றால், எது சொன்னாலும் மறைப்பதாகவே தோன்றும்.

இந்த வழி பொருந்தாத இடமும் உண்டு. உடனடி ஆபத்தில் இதற்கு நேரமில்லை. முடிவின் பேரில் எதையும் செய்ய எந்த நிறுவனமும் முன்வராத நிலையில், மக்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் அளக்க மட்டும் செய்வதும் அநீதி. கெட்டது என்று தெரிந்தால் பவுசர் யார் அனுப்புவார், எத்தனை நாளில் என்ற பதிலைப் பிரதேச சபையிடமிருந்தோ நீர் வழங்கல் சபையிடமிருந்தோ எழுத்தில் பெற்ற பின்னரே முதல் வாளியை இறக்குங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அறிவித்தல் | பொதுக்கூட்டம் | நிபுணர் குழு | கூட்டுக் கண்காணிப்பு |
|---|---|---|---|---|
| எடுக்கும் காலம் | மணித்தியாலங்கள் | வாரங்கள் | மாதங்கள் | ஆண்டுகள் |
| தீர்மானம் மூடியிருந்தால் | பொருந்தும் | தீங்கு செய்யும் | ஓரளவு பொருந்தும் | விளைவைக் கண்காணிக்கப் பொருந்தும் |
| பழைய நம்பிக்கை இல்லாதபோது | நம்பமாட்டார்கள் | கோபம் வெளிப்படும், அதற்கு இடம் கொடுக்கும் | நியமித்தவரைப் பொறுத்தது | மெதுவாகத் திரும்பும் |
| ஊர் அறிவு சேருமா | இல்லை | கேட்டால் சேரும் | பெரும்பாலும் இல்லை | ஆம் |
| மறைந்த செலவு | வதந்தி, தவறான ஆறுதல் | வராதவர்களின் குரல் | முரண்பட்ட அறிக்கைகள் | தளர்ச்சி, ஊரின் பெயர் |
| நீதிமன்றத்தில் | உதவாது | உதவாது | வலுவானது | முறையாக எடுத்திருந்தால் துணைச் சான்று |

## கேட்ட மூவருக்கும்

கடற்றொழிலாளர் சங்கத் தலைவருக்கு: திட்டத்தின் இடம் முடிவாகிவிட்டதா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். முடிவாகிவிட்டது என்ற பதில் வந்தால், ஆலோசனைக் கூட்டம் என்ற பெயரில் அங்கத்தவர்களை அழைக்க இடம்கொடாதீர்கள். அதற்குப் பதிலாக, திட்டம் இயங்கத் தொடங்குமுன் கடல்நீரின் உவர்ப்பையும் மீன்பாட்டையும் அளந்து பதிவதற்கான கூட்டுக் குழுவைக் கேளுங்கள். தொடங்கிய பின்னர் எடுக்கும் அளவை எதனோடு ஒப்பிடுவது? முன்னர் எப்படி இருந்தது என்ற பதிவு உங்களிடம் இல்லாவிட்டால் பின்னர் சொல்வதெல்லாம் வாய்ச்சொல்லாகவே கொள்ளப்படும்.

பிரதேச சபை உறுப்பினருக்கு: இடம் இன்னும் தெரிவாகவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இப்போதே கூட்டங்கள், அதுவும் சிறியவை, தெரிவுக்குரிய மூன்று இடங்களையும் வரைபடத்தோடு மேசையில் வைத்து. கம்பஹா மாவட்டத்து வெலிவேரியவில் 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி கிணற்றுநீருக்காக வீதியில் இறங்கிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு மூவர் உயிரிழந்தார்கள். நீர் பற்றிய ஒரு கேள்வி பதிலின்றி நீண்டால் எந்த அளவுக்குப் போகும் என்பதை அந்த நாளுக்குப் பின்னர் இந்த நாட்டில் எந்த உள்ளூராட்சி உறுப்பினரும் மறந்திருக்க முடியாது.

சனசமூக நிலையச் செயலாளருக்கு நான் சொன்னது சற்று நீளமானது. அந்த நான்கு கிணறுகளிலும் அள்ளும் வீடுகளில் கைக்குழந்தை அல்லது கர்ப்பிணி இருக்கிறார்களா என்பதைக் குடும்பநல உத்தியோகத்தருடன் சேர்ந்து அன்றே பார்த்து, அந்த வீடுகளுக்கு நேரில் சொல்ல வேண்டும். அதற்குக் கூட்டமும் வேண்டாம், குழுவும் வேண்டாம். அறிக்கையில் எழுதப்பட்டிருப்பது நைத்திரேற்றா, நைத்திரேற்று நைதரசனா என்று ஆய்வுகூடத்திடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அதன் பின்னர், ஒரு கிழமைக்குள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முடிவுகளைக் கொடுத்து, ஊருக்கு ஒரு பக்க அறிவித்தல். அடுத்த மழைக்கு முன்னர் கூட்டுக் குழு. தோட்டக்காரர்களைக் குற்றவாளிகளாக்காமல், எவ்வளவு உரம் போதும் என்று பேச விவசாயப் போதனாசிரியரையும் அந்தக் குழுவில் சேர்க்கச் சொன்னேன். உரத்துக்குக் காசு கொடுப்பவர்களும் அவர்கள்தான், அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் அவர்கள்தான்.

அவர் அன்று மாலையே மூன்று வீடுகளுக்குப் போயிருக்கிறார். நான்காவது வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லையாம். அந்தப் பதினொரு கிணறுகளையும் தெரிவு செய்தபோது தம்மை எவரும் கேட்கவில்லை என்பது அவருடைய மனக்குறை. அடுத்த முறை மாதிரி எடுக்கும்போது அவர் கிணற்றிலிருந்தே தொடங்குவதென்றும், வாளியை அவரையே இழுக்கக் கேட்பதென்றும் செயலாளர் முடிவு செய்திருக்கிறார்.